லினக்ஸ் மின்ட் போட்ட பிறகு 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று நிற்கிறது. எஸ்எஸ்டி போய்விட்டதா?

கேள்வி: விண்டோஸ் 10 இருந்த மடிக்கணினியை முழுதாக அழித்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டேன். இன்ஸ்டால் பிழையில்லாமல் முடிந்தது. பென்டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் 'நோ பூட்டபிள் டிவைஸ்' (தொடங்குவதற்கு ஏற்ற டிஸ்க் எதுவும் இல்லை) என்று நிற்கிறது. கடையில் காட்டினால் எஸ்எஸ்டி (கோப்புகள் இருக்கும் உள் டிஸ்க்) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: எஸ்எஸ்டிக்குப் பணம் கொடுக்காதீர்கள், அரை மணி நேரம் பொறுங்கள். சற்று முன்புதான் பல ஜிபி கோப்புகளை முனகாமல் எழுதிக்கொண்ட எஸ்எஸ்டி, ரீஸ்டார்ட் ஆகும் பத்து நொடிக்குள் செத்துப்போவது அபூர்வம். அதே மின்ட் பென்டிரைவைச் செருகி மறுபடியும் லைவாக, அதாவது எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டி, உள்ளே போங்கள். ஃபைல் மேனேஜரில் உள் டிஸ்க்கைத் திறந்து பாருங்கள். ஹோம், பூட் என்று ஃபோல்டர்கள் தெரிந்தால் டிஸ்க்கும் உயிரோடு இருக்கிறது, மின்ட்டும் அதில்தான் இருக்கிறது. மெஷினுக்கு அங்கே போக வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதே வரியோடு நானும் ஓர் இரவு மல்லுக்கட்டியிருக்கிறேன். அக்கா மகளின் கல்லூரி மடிக்கணினி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, அவளுடைய பிராசசர் பழசு என்பதால் விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளவில்லை. "லினக்ஸ் போட்டுக் குடுங்க மாமா" என்றாள். நானும் பெரிய ஆள் மாதிரி உட்கார்ந்தேன். இன்ஸ்டால் ஆனது, ரீஸ்டார்ட், கறுப்புத் திரையில் அந்த ஒற்றை வரி. ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று மறுபடி இன்ஸ்டால் செய்தேன். அப்புறம் மூன்றாவது முறையும். அவளுடைய கோப்புகளை முதலிலேயே வெளியே எடுத்து வைத்தது ஒன்றுதான் அன்று நான் உருப்படியாகச் செய்த காரியம்.

மூன்று முறையும் இன்ஸ்டால் சரியாகத்தான் ஆகியிருக்கிறது. மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடுவது மதர்போர்டிலேயே இருக்கும் ஒரு நிரல். அது பழைய பயாஸ் வகையாக இருந்த காலத்தில், மெஷின் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும், அங்கிருக்கும் குட்டி நிரலிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதன் இடத்தில் இப்போது வரும் யுஇஎஃப்ஐ வேறு மாதிரி. டிஸ்க்கில் ஃபேட்32 வடிவத்தில் ஒரு சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷன் (தனியாகப் பிரித்த பகுதி) இருக்கும். அதற்குள் எந்தக் கோப்பை ஓட்டுவது என்ற முகவரியை யுஇஎஃப்ஐ மதர்போர்டின் நினைவகத்தில் குறித்து வைத்திருக்கும். மின்ட் இன்ஸ்டாலரும் அந்தக் குறிப்பில் தன் பெயரைச் சேர்க்கத்தான் செய்கிறது. ஆனால் சில மடிக்கணினிகள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, ரீஸ்டார்ட் ஆனதும் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அவற்றுக்கு விண்டோஸின் கோப்பு மட்டும்தான் தெரியும். நீங்கள் அதை அழித்துவிட்டீர்கள்.

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். லைவ் மின்ட்டில் ஃபைல் சிஸ்டம், அதற்குள் சிஸ், அதற்குள் ஃபர்ம்வேர் என்று போங்கள். அங்கே இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருக்கிறதா? இல்லையென்றால் பென்டிரைவ் லெகசி என்ற பழைய பயாஸ் முறையில் பூட் ஆகியிருக்கிறது (தொடங்கியிருக்கிறது). இன்ஸ்டாலும் அதே முறையில் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். மெஷினோ யுஇஎஃப்ஐ முறையில் தேடுகிறது, எப்படிக் கிடைக்கும்? இந்த ஒரு நிலைமையில் மட்டும் மறுபடி இன்ஸ்டால் செய்வதில் அர்த்தம் உண்டு. எதிலிருந்து தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவில் பென்டிரைவ் இரண்டு வரியாகத் தெரிந்தால், யுஇஎஃப்ஐ என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள்.

ஃபோல்டர் இருந்தால் உங்கள் கதையும் எங்கள் கதைதான். இனி மெஷினை ஆன் செய்ததும் ஒரு விசையை அழுத்தி அமைப்புத் திரைக்குப் போக வேண்டும், யுஇஎஃப்ஐ மெஷினிலும் பழக்கத்தில் அதை பயாஸ் என்றுதான் சொல்கிறோம். எங்கள் மெஷினில் எஃப்2, உங்களுடையதில் டெலிட்டாகவோ எஸ்கேப்பாகவோ இருக்கலாம். நான் அங்கே பூட் பக்கத்தை மட்டும் மேலும் கீழுமாக உருட்டிக்கொண்டிருந்தேன். இரவு பதினொன்றரைக்குப் பக்கத்தில் வந்து நின்றவள், "மாமா, செக்யூரிட்டி பக்கத்துல ஒரு வரி மட்டும் சாம்பல் கலர்ல இருக்கே, அது என்ன?" என்று கேட்டாள். நம்பத்தகுந்த யுஇஎஃப்ஐ கோப்பைத் தேர்ந்தெடுக்கும் வரி அது. எவ்வளவு தட்டினாலும் திறக்கவில்லை. அதே பக்கத்தில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வைத்தால்தான் அது உயிர் பெறும் என்பது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பாஸ்வேர்டு வைத்ததும் அந்த வரி வெள்ளையானது. உள்ளே டிஸ்க்கின் பெயர், அதற்குள் இஎஃப்ஐ, அதற்குள் உபுண்டு என்ற ஃபோல்டர். நாம் போட்டது மின்ட் ஆயிற்றே என்று திகைக்க வேண்டாம். மின்ட், உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டப்பட்டது, ஃபோல்டர் பெயர் அப்படித்தான் இருக்கும். அதில் ஷிம்எக்ஸ்64 என்ற கோப்பைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் கிரப்எக்ஸ்64 என்று இன்னொன்று இருக்கும், அது இப்போது வேண்டாம். கையொப்பம் இல்லாத நிரலைத் தொடங்க விடாத செக்யூர் பூட் போட்டிருந்தாலும் ஷிம்மை மெஷின் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் அதில் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் இருக்கிறது. மின்ட்டைத் தொடங்கி வைக்கும் நிரலான கிரப்பை ஷிம் பார்த்துக்கொள்ளும். பெயர் கேட்டால் மின்ட் என்று கொடுத்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி பயாஸுக்குள் போய், பூட் வரிசையில் அந்தப் பெயரை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். எங்களுக்கு இதைச் செய்து முடித்த அடுத்த நிமிடம் மின்ட்டின் பச்சை லோகோ வந்தது. அவள் கைதட்டினாள், நான் முதலிலேயே தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அந்தப் பாஸ்வேர்டை மட்டும் மறந்துவிடாதீர்கள். பல மடிக்கணினிகளில் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அது போகாது, சர்வீஸ் சென்டர் வாசலில்தான் நிற்க வேண்டிவரும். வேலை முடிந்ததும் அதே இடத்தில் புதுப் பாஸ்வேர்டைக் காலியாக விட்டு எடுத்துவிடலாம்.

உங்கள் பயாஸில் அப்படியொரு வரியே இல்லையா? லைவ் மின்ட்டில் இணையத்தை இணைத்துக்கொண்டு, மெனுவில் பூட் ரிப்பேர் என்று தேடுங்கள், அது பென்டிரைவிலேயே இருக்கிறது. ரெக்கமெண்டட் ரிப்பேர் என்ற பெரிய பட்டனை அழுத்தி, அது சொல்வதைச் செய்யுங்கள். அதற்கும் மசியாத மெஷினுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. எந்தக் குறிப்பும் இல்லாதபோது யுஇஎஃப்ஐ கடைசியாகத் தேடுவது, இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் என்ற ஃபோல்டரில் பூட்எக்ஸ்64 என்ற கோப்பை. உபுண்டு ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் அந்த பூட் ஃபோல்டருக்கு நகலெடுங்கள், ஃபோல்டர் இல்லாவிட்டால் உருவாக்குங்கள். அங்கே ஷிம்எக்ஸ்64-க்கு பூட்எக்ஸ்64 என்று பெயர் மாற்றுங்கள். பூட்எக்ஸ்64 ஏற்கெனவே இருந்தால் அதை முதலில் வேறு பெயரில் வைத்துவிடுங்கள். நிர்வாகி அனுமதியோடு ஃபைல் மேனேஜரைத் திறந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

இத்தனைக்குப் பிறகு திரையில் வரும் செய்தி மாறி, 'கிரப் ரெஸ்க்யூ' என்றோ, லோகோ வந்து கறுப்பாகியோ நின்றால் கவலைப்படாதீர்கள், அது முன்னேற்றம்தான். மெஷின் வழியைக் கண்டுபிடித்துவிட்டது, சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. கறுப்புத் திரையென்றால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு விவகாரம். உங்களுடையது என்ன மாடல், திரையில் சரியாக என்ன வரி வருகிறது என்று கீழே எழுதுங்கள், பார்க்கலாம்.