பள்ளிக்கூடக் காலைச் சாப்பாடும் எங்கள் ஆட்களின் வெட்கமும்

தங்கச்சி, ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்த கையோடு நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து காலைச் சாப்பாட்டுத் திட்டம் என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது, அதற்கு ஓம் என்றால் வெல்ஃபெயர், அதாவது அரசாங்க உதவிப் பணம், எடுத்த கணக்காகுமா, உங்களைப் பொறுப்பேற்று இங்கே ஸ்பொன்சர் செய்த கணவருக்குத் தொல்லை வருமா என்பது முதல் கேள்வி. வாடகை, கார் இன்சூரன்ஸ், குளிர் ஜாக்கெட் என்று மிச்சம் மூன்று. இன்சூரன்ஸைப் பற்றி இங்கே ஆளுக்கொரு கதை சொல்வார்கள், வாடகையைப் பற்றிக் கதைத்தால் எனக்குப் பிரஷர் ஏறும். அதனால் முதல் கேள்விக்கு வருகிறேன்.

ஒரு தொல்லையும் வராது. ஸ்பொன்சர் செய்தவர் கையெழுத்து வைத்த காலத்துக்குள், அதாவது மனைவிக்கு 3 ஆண்டு, சின்னப் பிள்ளைக்கு அதைவிட நீளம், நீங்கள் அரசாங்கத்தின் சமூக உதவிப் பணம் எடுத்தால்தான் அது அவர் தலையில் விழும். வகுப்பில் கொடுக்கும் அப்பிளும் சீஸும் அந்தக் கணக்கிலேயே இல்லை. வீட்டு வருமானம் எவ்வளவு, என்ன விசா என்று யாரும் கேட்பதில்லை. ரொறன்ரோவில் இந்தத் திட்டம் இருக்கிற பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சாப்பாடுதான். இல்லாத வீட்டுப் பிள்ளையைத் தனியாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் பசியோடு இருந்தாலும் வராது. அது தெரிந்துதான் இப்படி வைத்திருக்கிறார்கள். பல இடங்களில் ஒரு பெட்டியில் போட்டு வகுப்புக்கே அனுப்பிவிடுவார்கள். டொக்டரின் மகனும் எடுப்பான், உங்கள் மகனும் எடுப்பான்.

காசு பல கையிலிருந்து வருகிறது. மாகாணம் கொஞ்சம், மாநகரம் கொஞ்சம், மிச்சம் தொண்டு நிறுவனங்களும் பெற்றோரும். கியூபெக்கில் 1994இல் தொடங்கிய பிரேக்ஃபஸ்ட் கிளப் ஒஃப் கனடா போன்றவை இப்படித்தான் நன்கொடை திரட்டி நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கின்றன. இவ்வளவு பணக்கார நாட்டில் மத்திய அரசு தேசியத் திட்டம் என்று ஒன்றை அறிவித்தது 2024இல்தான். 5 ஆண்டுக்கு 100 கோடி டொலர். அதுவரை அநேகமாக நல்ல மனமுள்ளவர்களின் காசிலும், விடிய எழும்பிப் பழம் வெட்டிய அம்மாக்களின் கையிலும்தான் ஓடியது. கடிதத்தில் 'முடிந்ததைக் கொடுங்கள்' என்று இருக்கும். முடிந்தால் கொடுங்கள். இல்லாவிட்டால் வெறும் கவரைத் திருப்பி அனுப்புங்கள், யாரும் தேடி வரமாட்டார்கள்.

உங்களை இப்படிப் பயப்படுத்தியது கனடாக்காரர் இல்லை, எங்கள் ஆட்கள்தான். எனக்கு நன்றாகத் தெரியும். ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரத்தில் பெரிய வீடு கட்டிக்கொண்டு, "இப்ப வாறவை எல்லாத்தையும் ஃப்ரீயா எதிர்பார்க்கினம், நாங்கள் ஒருத்தரிட்டயும் கையேந்தேல்லை" என்று கலியாண வீட்டில் கதைப்பார்கள். 1991இல் நாங்கள் வந்து இறங்கிய, ரொறன்ரோ வெல்லெஸ்லி - பார்லிமென்ட் தெருச் சந்தி மாடிக் கட்டடங்களில் இவர்களும்தான் இருந்தார்கள். ஒரு அறையில் இரண்டு குடும்பம். என் கணவர் இரவு ஷிஃப்ட் முடித்து வரமுன் நான் வேலை ஏஜென்சியின் வான் வண்டியில் ஏறி ஃபக்டரிக்குப் போய்விடுவேன். இடையில் மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிற மாமி பாணைத் தின்ன வைத்தாரோ இல்லையோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். பள்ளிக்கூடத்தில் கொடுத்த ரோஸ்ட் பாணும் தோடம்பழமும்தான் அவளை மத்தியானம் வரை ஓட்டியது. அந்த மாமிக்கு அது பிடிக்கவில்லை. "பிச்சைப் பாண்" என்பார். நான் வாயைத் திறக்கவில்லை, மகளை நிறுத்தவும் இல்லை.

எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் தின்ற கெயார் பிஸ்கட் பிறகென்ன? அமெரிக்கத் தொண்டு நிறுவனம் கொடுத்ததுதானே அது. கடை முதலாளியின் மகள் எனக்கு முன்னால் வரிசையில் நின்று வாங்கினாள், உடைந்தது வந்தால் மாற்றித் தரச் சொல்லி ரீச்சரோடு சண்டையும் பிடித்தாள். அதை யாரும் பிச்சை என்று சொன்னதில்லை. பிளேனில் ஏறியதும் எப்படியோ பிச்சையாகிவிட்டது.

சரி, பயப்பட வேண்டியதற்குப் பயப்படுங்கள். இது காலைச் சாப்பாடோ இடைச் சாப்பாடோதான். மத்தியானத்துக்கு நீங்கள்தான் கட்டிக் கொடுக்க வேண்டும். சின்ன வகுப்புப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் கன்ரீன் கிடையாது, சூடாக்கித் தரவும் மாட்டார்கள், நல்ல தேர்மொஸ் ஒன்று வாங்குங்கள். கச்சான், அதாவது நிலக்கடலை, போட்ட எதையும் அனுப்பாதீர்கள். ஒவ்வாமையால் பள்ளிக்கூட மாணவி ஒருத்தி இறந்த பிறகு எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் அதற்கென்று சட்டமே கொண்டுவந்தார்கள், 2006இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் மரக்கறிக்காரர் என்றால் ஜெலட்டினும் வேண்டாம் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். சில யோகட்டில் அது இருக்கும், ரீச்சருக்கு அது மாட்டிலும் பன்றியிலும் வருவதென்று நினைவிருக்காது. வெள்ளிக்கிழமை பீட்சா லஞ்ச் என்று இன்னொரு தாள் வரும். அது இலவசமில்லை, பெற்றோர் சங்கம் காசு சேர்க்கிற வழி. புதிதாக வந்தவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஃபக்டரியை விட்ட பிறகு நானும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பழம் வெட்டப் போனேன். பொலிஸ் சான்றிதழ் எடுத்துக் கொடுத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள், நல்லதுதான். என் ஆங்கிலம் ஓடத் தொடங்கியது அந்தச் சமையலறையில்தான், இரவு வகுப்பில் இல்லை. சோமாலியப் பெண் ஒருத்தியும் பிலிப்பினோ பாட்டி ஒருவரும் இருந்தார்கள். மூன்று பேரின் ஆங்கிலமும் ஒரே அளவு நொண்டி என்பதால் வெட்கமில்லாமல் கதைத்தோம். வேலை கிடைக்கும் வரை வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல் நீங்களும் கேட்டுப் பாருங்கள். மார்க்கம் வீட்டுக்காரரை அங்கே காணமாட்டீர்கள்.

ஜாக்கெட்டை மட்டும் ஒக்டோபருக்குள் வாங்கிவிடுங்கள், பிந்தினால் சின்னப் பிள்ளைகளின் அளவு கடைகளில் கிடைக்காது.