ஏப்ரலில் வேண்டாம், ஜனவரியில் போகட்டும்

மும்பை சயானிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் டி.ஒய்.பி.காம்., அதாவது பி.காம். மூன்றாம் ஆண்டு, படிக்கிறாள். சபையின் வாலிபர் குழுவோடு எட்டு வாரம் கென்யாவுக்கு ஊழியப் பயணம் போக வேண்டும் என்கிறாள். குழு புறப்படுவது ஏப்ரல் முதல் வாரம், ஆறாவது செமஸ்டர் தேர்வும் அப்போதுதான். "பரீட்சையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்று அவள் சொல்ல, "எம்.பி.ஏ. முடித்துவிட்டு எந்தக் காட்டுக்கு வேண்டுமானாலும் போகட்டும்" என்று பெரியப்பா சத்தம் போடுகிறார். அப்பா வாய் திறப்பதில்லை. பெண்ணை எப்படித் தடுப்பது என்பதுதான் அம்மாவின் கேள்வி.

தடுக்க வேண்டாம், அம்மா. தேதியை மட்டும் மாற்றுங்கள். எம்.பி.ஏ. விண்ணப்பத்தையும் இப்போதைக்குக் கிழித்துப் போடுங்கள்.

முதலில் தேர்வு. மும்பை பல்கலைக்கழகத்தில் ஆறாவது செமஸ்டரைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு அக்டோபர், நவம்பர் வாக்கில்தான் வரும். முடிவு வர மேலும் சில மாதம் ஆகும். எட்டு வாரப் பயணத்துக்காக ஏறக்குறைய ஒரு வருடம் பட்டம் இல்லாமல் உட்கார்ந்திருப்பாள். 75 சதவீத வருகைப் பதிவும் இருக்கிறது. போதகரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தால் கல்லூரி இளகும் என்று குழுவில் யாராவது சொல்லியிருப்பார்கள். கேட்டுப் பார்க்கலாம், நம்பி டிக்கெட் போடக் கூடாது. "ஆண்டவர் அழைத்தால் பட்டம் எதற்கு" என்று பேசும் அண்ணன் அந்தக் குழுவில் இருந்தால், அவர் பட்டம் வாங்கியவரா என்று மகளையே விசாரித்து வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் வாங்கியிருப்பார்.

இனி பெரியப்பா. அகமதாபாத், பெங்களூர் ஐ.ஐ.எம்.மில் இடம் கிடைத்தால் பேச்சு வேறு. அவர் சொல்வது நவி மும்பையில் ஏதோ ஒரு தனியார் கல்லூரி. கட்டணமும் மற்ற செலவும் சேர்த்து 12 லட்சம் கடன் என்று வையுங்கள். 10 சதவீத வட்டியில் 7 வருடத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 19,900 ரூபாய். படிக்கும் இரண்டு வருடமும் அதற்குப் பின் கிடைக்கும் ஒரு வருட அவகாசமும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், அதையும் அசலோடு சேர்த்தால் தவணை இன்னும் கூடும். இருபத்து மூன்று வயதில் தொடங்கும் தவணை முப்பதில்தான் முடியும். அத்தனை வருடமும் கென்யா இருக்கட்டும், பிடிக்காத வேலையைக்கூட அவளால் விட முடியாது. பெரியப்பா பாதிக் கடனுக்காவது ஜாமீன் கையெழுத்துப் போடத் தயாரா என்று ஒரு முறை மரியாதையாகக் கேளுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு அநேகமாக எழாது.

வங்கித் தேர்வு, சி.ஏ., பி.எட். பற்றி நான் சொல்லப் போவதில்லை. சபையில் பக்கத்து பெஞ்சில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். ஒருவரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அது அவள் கையிலேயே இருக்கும் பி.காம். ஊழியத்துக்குப் போவதென்றால் பாட்டு, பொம்மலாட்டம், பிள்ளைகளுக்கு வேதாகமக் கதை என்றுதான் எல்லோரும் தயாராகிறார்கள். போய் இறங்கும் இடத்தில் மருத்துவமனையோ பள்ளியோ நடத்துபவர் தேடுவது கணக்கு எழுதத் தெரிந்த ஆளை. திருநெல்வேலிக் குடும்பமான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1903இல் திருநெல்வேலியில், பின்னாளில் பேராயரான அசரியா போன்றவர்கள் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியது உள்ளூர்க் காணிக்கையை நம்பித்தான். காணிக்கையை நம்பி நடக்கும் எந்த வேலையும் கணக்கு சரியாக இருக்கும் வரைதான் நடக்கும்.

கல்லூரியில் அவள் படித்தது வியாபாரக் கணக்கு: லாப நட்டம், ஐந்தொகை. அறக்கட்டளைக் கணக்கு பாடத்தில் ஒரு அத்தியாயமாக வந்து போயிருக்கும். இரண்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு, அறக்கட்டளைக்கு வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு நோக்கம் ஒட்டியிருக்கும் என்பது. ஒரு கிராமத்து மருந்தகத்துக்கு ஆழ்துளைக் கிணறு போட 4 லட்சம், நர்ஸ் சம்பளத்துக்கு 1 லட்சம், பொதுச் செலவுக்கு 50,000 வந்திருக்கிறது என்று வையுங்கள். வங்கியில் தெரிவது 5.5 லட்சம். பொருளாளர் தாராளமாக இருக்கிறது என்று நினைப்பார். ஒரு மாதம் கரன்ட் பில்லும் மருந்துக் கடை பாக்கியும் சேர்ந்து வரும்போது 60,000 எடுப்பார், அடுத்த மாதம் போட்டுவிடலாம் என்று. போட மாட்டார். பம்ப் வந்து இறங்கும் நாளில் பணம் போதாது. யாரும் திருடவில்லை, ஆனாலும் நன்கொடையாளருக்கு அறிக்கை எழுத முடியாது. அடுத்த வருடம் அவர் கொடுக்க மாட்டார். நல்ல ஊழியங்கள் பல இப்படித்தான் சத்தமில்லாமல் படுத்துவிடுகின்றன.

இதைத் தடுக்கும் வேலையை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு மாதத்தில் பழகிவிடலாம். ஒவ்வொரு நிதிக்கும் தனி காஸ்ட் சென்டர், அதாவது தனிக் கணக்குத் தலைப்பு, திறக்க வேண்டும். ரசீதோ செலவோ, எந்த வவுச்சரைப் போட்டாலும் அது எந்த நிதியைச் சேர்ந்தது என்று குறித்த பிறகே சேமிக்க வேண்டும். மாதக் கடைசியில் எல்லா நிதிகளின் மீதியையும் கூட்டினால் வங்கி இருப்பும் கைரொக்கமும் சேர்ந்த தொகை வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்கே தேட வேண்டும். ஒரு மாதம் விட்டால் தேடுகிற வேலை மும்மடங்காகும். சில்லறைச் செலவுக்கு நிலையான தொகை முறை: பெட்டியில் 10,000 வைத்தால், வாரக் கடைசியில் செலவுச் சீட்டுகளும் மீதி ரொக்கமும் சேர்ந்து 10,000 இருக்க வேண்டும், செலவான அளவுக்கு மட்டும் திரும்ப நிரப்ப வேண்டும். பொதுவாகக் கெட்டுப்போவது சீட்டில்தான். "காய்கறி 700" என்று ஒரு துண்டுத் தாள் இருக்கும், வாங்கியது யார், எந்தத் தேதி, எந்த நிதி என்று ஒன்றும் இருக்காது.

கென்யாவில் இன்னொரு பாடம் காத்திருக்கிறது. 2007இல் வந்த எம்-பெசா அங்கே கைபேசி வழியாகவே பணத்தை ஓட வைக்கிறது. பால்காரர் முதல் பள்ளிக் கட்டணம் வரை அதில்தான். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் குறுஞ்செய்தியில் ஒரு குறியீட்டு எண் வரும். அந்த எண்ணை வவுச்சரில் எழுத வேண்டும், பரிமாற்றக் கட்டணத்தைத் தனிச் செலவாகப் பதிய வேண்டும், மாதக் கடைசியில் எம்-பெசா கூற்றை வங்கிக் கூற்றைப் போலவே வரிக்கு வரி ஒத்துப் பார்க்க வேண்டும். ஊழியத்தின் பணம் யாருடைய சொந்த எண்ணிலாவது ஓடினால் கணக்கு ஒருநாளும் நேராகாது. அங்கே போய் முதல் வாரம் அவள் சரிசெய்ய வேண்டியதும் அதுவாகவே இருக்கலாம்.

இதையெல்லாம் எங்கே கற்பது? கட்டணம் கட்டும் கோர்ஸ் வேண்டாம். ஆறாவது செமஸ்டர் முடிந்ததும், ஜூன் முதல் செப்டம்பர் வரை, அறக்கட்டளைகளுக்குத் தணிக்கை செய்யும் ஒரு சிறிய ஆடிட்டர் அலுவலகத்தில் உதவியாளராகச் சேரட்டும். மகாராஷ்டிரத்தில் பதிவான அறக்கட்டளைகள் மார்ச்சில் கணக்கு முடித்து ஆறு மாதத்துக்குள் தணிக்கை அறிக்கையை வொர்லியில் உள்ள அறநிலைய ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதனால் அந்த நாலு மாதமும் ஆடிட்டர்களுக்குக் கை போதாது. போக்குவரத்துச் செலவு கொடுத்தாலே போதும் என்று கேட்டால் இடம் கிடைக்கும். இருபது அறக்கட்டளைகளின் வவுச்சர் கட்டுகளைப் புரட்டியவளுக்கு எட்டு வார கென்யாவும் பயன்படும், திரும்பி வந்த பிறகு வேலை தேடவும் கைகொடுக்கும். மும்பையில் மருத்துவமனை அறக்கட்டளைகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் பஞ்சமில்லை. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அவளுக்கு இது பிடிக்க வேண்டும். சபைப் பொருளாளரிடம் போன வருட வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) ரசீதுகளை வாங்கி, ஒரு நாற்பது சீட்டை அவளிடம் கொடுத்துக் கணக்காக்கச் சொல்லுங்கள். இரண்டு நாளில் முடித்து, "இந்த மூன்று சீட்டில் தேதி இல்லை" என்று அவளே வந்து நின்றால் இது அவள் வேலை. கட்டு பிரிக்காமலே கிடந்தால் விட்டுவிடுங்கள். கணக்கு பிடிக்காத பெண்ணை மருந்தகத்துக் கணக்கில் உட்கார வைப்பது எம்.பி.ஏ.வில் தள்ளுவதைவிட மேலானதல்ல.

ஆடிட்டர் அலுவலகம் செப்டம்பரில் முடிந்தால் ஜனவரியில் புறப்படலாம். ஏதாவது பாடத்தில் தோற்று கேட்டி விழுந்திருந்தாலும் அக்டோபர், நவம்பரில் எழுதிவிட்டுப் போகலாம். ஜனவரி, பிப்ரவரி அங்கே மழையில்லாத காலம். பெருமழை மார்ச்சில் தொடங்கும், அதற்குள் திரும்பிவிடலாம். குழு ஏப்ரலில்தான் போவேன் என்றால் போகட்டும், கணக்குத் தெரிந்த ஆளைத் தனியாக வரவேற்க அங்கே யாரும் தயங்க மாட்டார்கள்.

பாஸ்போர்ட்டை இப்போதே எடுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். அவசரம் என்றால் தத்காலுக்கு மேலும் 2,000. பெயரில்தான் நம் ஆட்கள் மாட்டுவது. மும்பை பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் என்று வரிசையாக நிற்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயர் ஒரு இடத்தில் குடும்பப் பெயராகும், இன்னொரு இடத்தில் வெறும் இனிஷியலாக நிற்கும். ஆதார், பட்டியல், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே மாதிரி எழுதச் செய்த பிறகே மற்ற விண்ணப்பங்களைத் தொடுங்கள். வீடு மாறியிருந்தால் ஆதார் முகவரியையும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் போலீஸ் சரிபார்ப்பில் நிற்கும்.

நுழைவு அனுமதியில் நான் கறாராகத்தான் பேசுவேன். கென்யா 2024 ஜனவரி முதல் இணையவழி பயண அனுமதி கேட்கிறது. சுற்றிப் பார்க்க அது போதும். ஊழியமோ கணக்கு வேலையோ, சம்பளமில்லாமல் செய்தாலும், அதற்கு அழைக்கும் அமைப்பு அங்கே குடியேற்றத் துறையில் தனி அனுமதி வாங்க வேண்டும். குறுகிய காலத்துக்கு ஸ்பெஷல் பாஸ் உண்டு, நீண்ட காலத்துக்கு மத, அறப்பணிக்கான 'ஐ' வகை பர்மிட். "ஏர்போர்ட்டில் டூரிஸ்ட் என்று சொல்லிவிடு, மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் குழுவோடு உங்கள் பெண் போகக் கூடாது. என்ன வேலை, எந்த அனுமதி, எங்கே தங்குவது, உடம்புக்கு முடியாமல் போனால் யார் பொறுப்பு என்று எழுத்தில் வந்த பிறகே டிக்கெட் எடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியிலும் பலர் ஏமாறுகிறார்கள். மும்பையிலிருந்து போகும்போது கென்யா அதைக் கேட்பதில்லை, அதனால் போடாமலே கிளம்பிவிடுகிறார்கள். திரும்பி வரும்போது கேட்பது நம் விமான நிலையம். சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். அரசு அங்கீகரித்த மையத்தில் ஒரே ஊசி போட்டால் போதும், பத்தாவது நாளிலிருந்து சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுக்க. ஆகவே டிசம்பர் முதல் வாரமே போட்டுவிட வேண்டும். முட்டை ஒவ்வாமை இருந்தால் ஊசிக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள். விக்டோரியா ஏரிக்கரையில் கிசுமு பக்கமும் மொம்பாசாக் கடற்கரைப் பக்கமும் மலேரியா உண்டு. டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதினால் புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கித் திரும்பி வந்து 4 வாரம் வரை தினமும் சாப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிட்டால் காய்ச்சல் வரலாம். வெறும் வயிற்றில் போட்டு உடனே படுத்தால் நெஞ்சு எரியும், வெயிலில் தோலும் சீக்கிரம் கருகும். திரும்பிய மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் கென்யா போய்வந்ததைச் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

கடைசியாகப் பணம். நகையை அடகு வைக்காதீர்கள். விமானக் கட்டணம், காப்பீடு, ஊசி, தங்கும் செலவு என்று தனித்தனியாகக் குழுவிடம் எழுதி வாங்குங்கள், மொத்தத் தொகை மட்டும் சொன்னால் கொடுக்காதீர்கள். துபாய்ச் சித்தப்பாவும் அமெரிக்க அத்தையும் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சித்தப்பா இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அத்தை அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார், ஆகவே சட்டப்படி அவர் அனுப்புவது வெளிநாட்டுப் பணம். நம் வழக்கத்தில் அத்தை எவ்வளவு நெருக்கமோ, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் உறவுக் கணக்கில் அத்தை இல்லை. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் மாதிரி வெகு சிலரோடு அது நின்றுவிடுகிறது. சமயப் பணிக்கென்று அவர் அனுப்பும் டாலர் மகளின் சேமிப்புக் கணக்கில் விழக் கூடாது. தங்கும் செலவை அவரே நேராக மகளை அழைக்கும் கென்ய அமைப்புக்குக் கட்டிவிடட்டும், ரசீதை மகள் அங்கே போய் வாங்கி அனுப்புவாள்.