ஆட்டிசம் உள்ள குழந்தையின் சின்னச் சின்னப் பள்ளி முன்னேற்றங்களை எப்படிக் கொண்டாடுவது?

எல்.கே.ஜி. போகும் மகன் முதல் தடவையாகப் பட அட்டையைக் காட்டி மிஸ்ஸிடம் தண்ணீர் கேட்டான், மற்ற பிள்ளைகள் ரைம்ஸ் சொல்லும்போது இதைப் போய்க் கொண்டாடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொண்டாடுங்கள். தனக்கு என்ன வேண்டும் என்று புரிந்து, அட்டையைத் தேடி எடுத்து, அம்மா இல்லாத இடத்தில் இன்னொருவரிடம் போய்க் காட்டியிருக்கிறான், எவ்வளவு பெரிய விஷயம் இது! அட்டை பழகினால் பேச்சு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது பேச்சைத் தடுப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே இந்த மாதிரி மாற்று வழிகளைப் படிப்பில் ஊக்குவிக்கச் சொல்கிறது.

ஆனால் கொண்டாட்டம் அவனுக்குப் பிடித்த மாதிரி இருக்கட்டும். பலூன், கைத்தட்டல், சொந்தக்காரர் கூட்டம் எல்லாம் ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குத் தாங்க முடியாத சத்தம். ரயில் பிடிக்குமென்றால் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்க் கொஞ்ச நேரம் ரயில் காட்டுங்கள், அதையும் முன்னாடியே படம் காட்டிச் சொல்லிவிடுங்கள், திடீரென்று வேண்டாம். அப்புறம், பாராட்டும்போது வெறும் ‘சூப்பர்’ போதாது, “மிஸ்கிட்ட நீயே தண்ணி கேட்டே” என்று செய்ததைச் சொல்லுங்கள். நாளைக்கு அவன் கேட்காமல் அழுதாலும் பரவாயில்லை, அட்டையை அவன் கைக்கு எட்டும் இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள்.