லாடம் அடிக்கிறவரைக் கேள், மக்களே

கேள்வி: தக்கலைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். நாகர்கோவிலில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மே மாதம் 30 நாள் களப்பயிற்சி முடித்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். குதிரை லாயத்தில் செய்ய ஆசை. இரண்டு இடங்களுக்கு மெயில் அனுப்பினேன், பதில் இல்லை. ஒரு இடத்தில் சவாரி வகுப்புக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். அம்மாவோ, "லத்தி அள்ளவா உன்னைப் படிக்க வைக்கிறோம்" என்கிறார். மெயிலின் நகலை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: மக்களே, உன் மெயிலைப் படித்தேன். குதிரை மேல் உனக்கு எவ்வளவு ஆசை என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். எத்தனை மணிக்கு வருவாய், என்ன வேலை செய்வாய் என்று ஒரு வரிகூட இல்லை. லாயம் நடத்துகிறவர் விடியுமுன்னே எழுந்து ஓடுகிற ஆள். சவாரி செய்யத்தான் நீ கேட்கிறாய் என்று நினைத்திருப்பார். பணம் கட்டச் சொன்னதும் அதனால்தான் இருக்கும்.

இப்படி எழுதிப் பார்: "தினமும் காலை 6 மணி முதல் 11 மணி வரை, 30 நாளும் வருவேன். லத்தி அள்ளுவது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, தீவனம் நிறுத்துப் போடுவது, உடம்பு தேய்ப்பது எல்லாம் செய்கிறேன். சவாரி கேட்கவில்லை. கல்லூரிக் கடிதம் கொண்டுவருகிறேன். முதலில் ஒரு நாள் வந்து வேலை செய்து காட்டட்டுமா?" அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதே.

சரி, யாரிடம் கேட்பது? நம் மாவட்டத்தில் பெரிய லாயம் என்று சொல்ல அதிகம் இல்லை. தனியாக ஒன்றிரண்டு குதிரை வைத்திருப்பவர்கள்தான். அவர்கள் யார், எங்கே என்று தெரிந்தவர் குதிரைக்கு லாடம் அடிக்கிறவர். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவியே ஆகவேண்டும் என்பதால் அவர் லாயம் லாயமாகப் போய்வருவார். எந்தக் குதிரைக்காரர் பொறுமைசாலி, யார் குதிரையை அடிப்பவர் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் எண்ணை உங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் விசாரி. திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கேயும் கேள். திருவனந்தபுரத்தையும் மறக்காதே. குழித்துறையில் ரயில் ஏறினால் எட்டிவிடும் தூரம், மலையாளமும் நமக்குப் புதிதில்லை. அங்கே போலீஸ் குதிரைப்படை இருக்கிறது. ஆனால் அது காவல்துறை இடம். கல்லூரி முதல்வர் வழியாக எழுதித்தான் கேட்க வேண்டும்.

இடம் கிடைத்தால் உடனே தலையாட்டிவிடாதே. நான் கால்நடைத் துறையில் இருந்தபோது ஒரு லாயத்துக்குப் போனேன். புது பெயின்ட், வாசலில் பூந்தொட்டி. குதிரையின் தோளருகே வால் பக்கம் பார்த்து நின்று, காலை மேலிருந்து தடவி இறக்கிக் குளம்பைத் தூக்கினேன். நடுவில் 'வி' மாதிரி இருக்கும் மெத்தென்ற பகுதி கறுத்து அழுகியிருந்தது. அந்த நாற்றம் இன்னும் மூக்கில் நிற்கிறது. மழைக்கால ஈரத்தில் லத்தியிலேயே நாள்கணக்கில் நிற்கவிட்டிருந்தார்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, இங்கே தரை காய்ந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுப் பார். வெயில் காலத்தில் ஒரு குதிரை நாளைக்கு 30, 40 லிட்டர் குடிக்கும். தொட்டியில் பாசி வழுக்கினால் அந்த இடம் வேண்டாம்.

கேட்காமல் ஒரு வாய்கூடக் கொடுக்காதே. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது போனதுதான். ஒருவர் பிரியமாகக் கூடை நிறைய சக்கைச் சுளை, அதாவது பலாச்சுளை, கொடுத்துவிட்டுப் போனார். ராத்திரி அந்தக் குதிரை முன்னங்காலால் தரையைப் பறித்தது, திரும்பித் திரும்பி வயிற்றையே பார்த்தது, படுத்து உருண்டது. விடிய விடிய கூடவே இருந்து பிழைக்க வைத்தோம். நம் வீட்டில் சாதாரணமாக அவிக்கும் காணமும் (கொள்ளு) அப்படித்தான், எவ்வளவு என்று அளந்துதான் போடுவார்கள். அந்த அளவுகளை நோட்டில் எழுதி வை. தினமும் காலையில் உடல் சூடு, நிமிடத்துக்கு எத்தனை இதயத் துடிப்பு, லத்தி இறுகியிருக்கிறதா இளகியிருக்கிறதா என்று குறித்துக்கொண்டே வா. பேராசிரியரிடம் கொடுக்கிற அறிக்கை அதிலிருந்தே வந்துவிடும். அம்மாவுக்கும் அதைக் காட்டு. லத்தியைப் பார்த்து நோய் சொல்வதும் விலங்கியல் படிப்புதான்.

அம்மாவின் பயம் லத்தி மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். பெண்பிள்ளையைத் தெரியாத இடத்துக்கு அனுப்புகிறோமே என்பதுதான். அது நியாயமான பயம். முதல் நாள் அவரையும் கூட்டிக்கொண்டு போ. அங்கே வேறு பெண்கள் இருக்கிறார்களா, கழிப்பறை எப்படி, அடிபட்டால் யார் பொறுப்பு என்று அவரே கேட்கட்டும். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் குதிரையேற்ற அணித் தங்கம் வாங்கிய நம் நால்வரில் சுதிப்தி ஹஜேலா, திவ்யாகிருதி சிங் இருவரும் பெண்கள் என்பதையும் சொல்லு.

போகும் முன் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள். லாயத்து மண்ணிலும் லத்தியிலும் அந்தக் கிருமி இருக்கும். ரப்பர் செருப்போடு போகாதே, 400 கிலோ எடை கால்விரல் மேல் ஏறினால் தாங்காது. கணுக்கால் மூடுகிற ஷூ ஒன்று வாங்கு. துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.