கை எங்கே இருந்தது?

அன்புள்ள ஐயா,

அமெரிக்க நடிகர் எம். எம்மெட் வால்ஷ் 200-க்கும் மேற்பட்ட படங்களிலும் தொடர்களிலும் நடித்தார். ஆனாலும் கடைசிவரை நாயகனாகவில்லை. குறும்படங்களில் சின்ன வேடம் செய்யும் எனக்கு அவர் வாழ்க்கை பயம் தருகிறது. இது தோல்விதானே?

பிரபு

அன்புள்ள பிரபு,

நாயகன், தோல்வி என்ற பேச்சை முதலில் மூட்டைகட்டி வையுங்கள். 1986இல் முதல் இன்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருது விழாவில் சிறந்த நடிகர் வால்ஷ்தான். படம் 'பிளட் சிம்பிள்'. காசுக்குக் கொலை செய்யும் துப்பறிவாளன் வேடம். 1978இல் 'ஸ்ட்ரெய்ட் டைம்' படத்தில் சிரித்தபடியே கழுத்தறுக்கும் பரோல் அதிகாரியாக அவரைப் பார்த்த கோயன் சகோதரர்கள் ('பிளட் சிம்பிள்' எடுத்தவர்கள்), அவரை நினைத்தே அந்த வேடத்தை எழுதினார்கள். எண்பது கடந்தும் 'நைவ்ஸ் அவுட்'டில் காவலாளியாக வந்தார். போதுமா?

இப்படி ஒருவரை ஏன் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்? அதையல்லவா நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! 'பிளேடு ரன்னர்' பாருங்கள். தப்பி வந்த ரெப்ளிகன்ட்கள், அதாவது செயற்கை மனிதர்கள், யார் யார் என்று வால்ஷ் நடித்த காவல் அதிகாரி பிரையன்ட் சொல்லியாக வேண்டும். வெறும் தகவல். ஆறு பேர் வந்தார்கள், ஒருவர் கருகினார் என்பார். மிச்சம் ஐந்து வர வேண்டும், படத்தில் நால்வர்தான். ஒரு பாத்திரத்தை நீக்கியபிறகும் வசனம் தங்கிவிட்டது. 2007 பதிப்பில்தான் இருவர் கருகியதாகத் திருத்தினார்கள். கணக்கு இடித்தும் காட்சி நின்றதற்குக் காரணம், வால்ஷ் தகவலை ஒப்பிக்கவில்லை. வேலை முடிய வேண்டுமே என்ற எரிச்சலோடு பேசினார்.

சின்ன வேடக்காரர் வெட்டுப்படுவது பெரும்பாலும் நடிப்பு மோசமென்று அல்ல, கை அசைவு பொருந்தாததால். முதலில் மாஸ்டர் ஷாட் (முழுக் காட்சியையும் அகலமாக எடுப்பது), பிறகு அதே காட்சி குளோசப்பில். மாஸ்டரில் "நாளைக்கு" என்ற சொல்லில் கோப்பையைத் தூக்கிவிட்டு, குளோசப்பில் இரண்டு சொல் தள்ளித் தூக்கினால் எடிட்டரால் ஒட்ட முடியாது. அவர் நாயகன் முகத்துக்குப் போய்விடுவார். உங்கள் வசனம் நாயகன் முகத்தின்மேல் ஓடும்; திரையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். இதற்கு இயக்குநரைத் திட்டிப் பயனில்லை, பிரபு.

ஒத்திகையிலேயே முடிவு செய்யுங்கள்: எந்தக் கை, எந்தச் சொல். வசனத்தாளின் ஓரத்தில் குறியுங்கள். ஒரு பக்கக் காட்சிக்கு இரண்டு அசைவு போதும். சாப்பிடும் காட்சியென்றால் சிறு கவளம். பத்து டேக் போனாலும் அதையே விழுங்க வேண்டும். சிகரெட் வேண்டாம், ஒவ்வொரு டேக்கிலும் நீளம் மாறும். கோப்பையை வசனத்தின் நடுவில் வைக்காதீர்கள். அந்தச் சத்தம் சொல்லோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. வாக்கியம் முடிந்தபின் வையுங்கள். எதிரே நடிப்பவரின் குளோசப்பில் அவர் முடிக்குமுன் குறுக்கே பேசவும் கூடாது. உங்கள் குரல் அவருடைய ஒலிப்பதிவில் கலந்துவிடும். இருவரும் ஒரே சட்டகத்தில் இருந்தால் பேசலாம், அதுவும் இயக்குநரைக் கேட்டுக்கொண்டு.

அடுத்த படப்பிடிப்புக்குப் பென்சில் எடுத்துப் போங்கள். எப்படிப் போனது என்று எழுதுங்கள்.