சின்னப் பிள்ளைக்குத் தலைவலி வந்து உடனே போய்விடுகிறது, டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

உங்கள் 6 வயது மகன் அவ்வப்போது தலை வலிக்கிறது என்கிறான், இரண்டு நிமிடத்தில் விளையாடப் போய்விடுகிறான், நம்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் நம்புங்கள்.

என் மகளுக்கும் 7 வயதில் இப்படித்தான். படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டே இருப்பாள், சட்டென்று பென்சிலைப் போட்டுவிட்டு நெற்றிப்பொட்டை உள்ளங்கையால் அழுத்திக்கொள்வாள். "சுருக்குன்னு குத்துது" என்பாள். நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் பென்சில் மறுபடி கையில் இருக்கும். பள்ளிக்கு மட்டம் போடத்தான் என்றார்கள் வீட்டில். லீவு நாளிலும் வந்ததே!

டாக்டர் வலியைவிட, வலி இல்லாத நேரத்தில் அவள் எப்படி இருக்கிறாள் என்றுதான் அதிகம் கேட்டார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், நேர்கோட்டில் நடக்கவிட்டார். சில நொடி குத்திவிட்டுப் போகும் வலி குழந்தைகளுக்கும் வரும், பெரும்பாலும் ஆபத்தில்லை, ஸ்கேன் வேண்டாம் என்றார். ஒரு நோட்டில் குறித்துவரச் சொன்னார். மூன்று வாரத்தில் தெரிந்தது, அவள் "தலைவலி" என்றது இரண்டு வேறு வலிகளை. ஒன்று அந்தக் குத்தல். இன்னொன்று, காலையில் சாப்பிடாமல் ஓடிய நாட்களில் மதியம் வரும் மந்தமான வலி. காலைச் சாப்பாடு சரியானதும் இரண்டாவது நின்றேவிட்டது.

அப்புறம், ஒற்றைத் தலைவலி என்ற பெயரை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் நெற்றியின் இரு பக்கமும் வலிக்கும், சில நேரம் 2 மணி நேரத்திலேயே அடங்கியும்விடலாம்.

ஆனால் சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. வலி தூக்கத்திலிருந்து எழுப்பினால், விடிந்ததும் வலியோடு வாந்தி வந்தால், இருமும்போதோ குனியும்போதோ கூடினால், நடை தள்ளாடினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், புதிதாக மாறுகண் வந்தால், சுபாவமே மாறினால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, வலிப்பு வந்தாலோ, தலையில் அடிபட்டபின் வலி கூடிக்கொண்டே போனாலோ நேராக அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். 5 வயதுக்குக் கீழே என்றால் லேசான வலியானாலும் திரும்பத் திரும்ப வந்தால் காட்டிவிடுங்கள்.

பாராசிட்டமால் எடைக்குத் தகுந்த அளவில் கொடுக்கலாம். ஆஸ்பிரின் மட்டும் வேண்டவே வேண்டாம், குழந்தைகளுக்கு அரிதாக மூளையையும் கல்லீரலையும் தாக்கிவிடும்.

உங்கள் மகனுக்கு இது திரும்பத் திரும்ப வருவதால், அவசரமில்லாவிட்டாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். நோட்டை இன்றே ஆரம்பித்து, போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.