பதினொரு ஆண்டுகள் பார்க்காத வசந்தம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரிலிருந்து மீண்டும் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த பிறகு நீங்கள் எழுதும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். மார்ச் மாதம் தொடங்கியதிலிருந்து பூக்கள், பறவைக் குரல், மாலை ஏழு மணி வெயில் என்றே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு குளிர்நாட்டில் நான்கு பூக்கள் பூத்ததற்கு இத்தனை கொண்டாட்டமா? முன்பும் அங்கே பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தீர்களே, அப்போது வசந்தம் வரவில்லையா? இன்னொன்று: நமக்கு இளவேனில் என்ற அழகான சொல் இருக்க, ஏன் எப்போதும் வசந்தம் என்றே எழுதுகிறீர்கள்?

அன்புடன்,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியில் இருக்கும் குத்தல் நியாயமானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பதினொரு ஆண்டுகளிலும் வசந்தம் தவறாமல் வந்தது; அதைப் பார்க்கத்தான் நான் அங்கே இல்லை. முதல் நான்கு ஆண்டுகள் கிழக்கு லண்டனில் ஒரு கிடங்கில் இரவுப் பணி. பிறகு கிடைத்த அலுவலக வேலைக்கு இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்பினேன். மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள் என்பது மட்டும் தெரியும். அன்று ஒரு மணி நேரத் தூக்கம் பறிபோகும் என்ற எரிச்சலுக்கு அப்பால் எனக்கும் அந்தப் பருவத்துக்கும் உறவு எதுவும் இருக்கவில்லை.

அதன் பின் சிங்கப்பூரில் ஒன்பது ஆண்டுகள். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே இருக்கும் அந்த ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பத்து நிமிடம்கூட இராது. காலை ஏழு மணியளவில் விடிந்து மாலை ஏழு மணியளவில் இருட்டும், வசதியான ஏற்பாடுதான். ஆனால் அங்கே நடந்த பலவற்றை இப்போது நினைக்கும்போது அவை எந்த மாதத்தில் நடந்தன என்று சொல்ல முடியவில்லை. என் மகள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது பிப்ரவரியிலா செப்டம்பரிலா? நினைவில் எல்லா நாட்களுக்கும் ஒரே வெளிச்சம்தான்.

சென்ற அக்டோபரில் இங்கே திரும்பினோம். டிசம்பர் 21 அன்று லண்டனில் காலை எட்டு மணிக்கு மேல் எழும் சூரியன் மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. எட்டு மணி நேரம்கூட நீளாத அந்தப் பகலும் பெரும்பாலும் ஈயப் பாத்திரத்தின் உட்புறம் போன்ற நிறத்திலேயே இருக்கும். ஜனவரி முழுதும் மாற்றம் தெரிவதில்லை. மார்ச் மாதத்திலோ பகல் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் கூடுகிறது, அதாவது இரண்டு வாரத்தில் ஒரு மணி நேரம். இதைக் கணக்குப் போட்டு அறிய வேண்டியதில்லை. சமையலறையில் நேற்று விளக்குப் போட்ட நேரத்தில் இன்று போட வேண்டியிருக்கவில்லை என்பதைக் கை தானாகவே கண்டுகொள்கிறது. ஆகவே நான் கொண்டாடுவது நான்கு பூக்களை அன்று. கடன் வாங்கியவர் தவணை தவறாமல் திருப்பிக் கொடுப்பதுபோல வந்து சேரும் வெளிச்சத்தை.

கடிகாரத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அந்த யோசனைக்காக இங்கிலாந்தில் முதலில் போராடியவர் நாங்கள் இப்போது வசிக்கும் பகுதிக்கு அருகே, தென்கிழக்கு லண்டனின் சிசல்ஹர்ஸ்டில் வாழ்ந்த வில்லியம் வில்லெட் என்ற கட்டடத் தொழிலதிபர். விடியற்காலையில் குதிரையேறிச் செல்லும் வழக்கமுள்ள அவர், நன்றாக விடிந்த பிறகும் வீடுகளின் சாளரங்கள் மூடியே கிடப்பதைக் கண்டு மனம் பொறாமல், வீணாகும் பகல் வெளிச்சத்தைப் பற்றி 1907-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஏப்ரலின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது இருபது நிமிடமாகக் கடிகாரத்தை முன்தள்ள வேண்டும் என்பது அவருடைய திட்டம். பாராளுமன்றம் செவிசாய்க்கவில்லை. அவர் 1915-இல் இறந்தார். அடுத்த ஆண்டே, போர்க்கால எரிபொருள் சிக்கனத்துக்காக முதலில் ஜெர்மனியும் பின்னர் மே 21 அன்று பிரிட்டனும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளின. பெட்ஸ் வுட் காட்டுக்குள் அவர் நினைவாக நிற்கும் சூரியக் கடிகாரம் கோடைக்கால நேரத்தை மட்டுமே காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. கோடை மணிகளை மட்டுமே எண்ணுகிறேன் என்ற பொருளில் லத்தீன் மொழியில் அதில் பொறித்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத் தூக்கத்துக்காக நான் ஆண்டுதோறும் திட்டிய மனிதரின் முன் இந்த ஏப்ரலில் போய் நின்றபோது சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

இனி அந்த நான்கு பூக்கள். அவை ஒன்றாகப் பூத்துத் தொலைத்திருந்தால் நீங்கள் சொல்வது சரியாகியிருக்கும். பனி முழுதும் விலகாத பிப்ரவரியில் ஸ்னோடிராப், பிறகு குரோக்கஸ், மார்ச்சில் சாலையோரப் புல்வெளியெங்கும் டாஃபடில் என்று வரிசை முறையோடுதான் வருகின்றன. வேலிகளில் வெள்ளையாகப் பூக்கும் இரண்டு முட்செடிகளை எனக்கு நெடுநாள் பிரித்தறியத் தெரியாது. இலை வருமுன்னே பூப்பது பிளாக்தார்ன். இலை வந்த பின், மே மாத வாக்கில் பூப்பது ஹாதார்ன். பிளாக்தார்ன் பூக்கும் நாட்களில் குளிர் மறுபடியும் ஒருமுறை திரும்பி வரும் என்று இங்குள்ள முதியவர்கள் எச்சரிப்பார்கள். இந்த முறை அவர்கள் சொல்லைக் கேளாமல் மேலங்கியைப் பெட்டியில் வைத்துவிட்டு நான் நன்றாக நடுங்கினேன்.

ஏப்ரல் பாதிக்கு மேல் காடுகளின் தரையை நீலமாக்கும் ப்ளூபெல் பூவின் அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. மேலே ஓக் மரங்களும் பீச் மரங்களும் இலைவிட்டு நிழல் மூடுவதற்குள், தரைக்கு வெயில் கிடைக்கும் சில வாரங்களிலேயே அது இலைவிட்டு, பூத்து, அடுத்த ஆண்டுக்கான உணவைக் கிழங்கில் சேமித்து முடித்தாக வேண்டும். அதன் இலையை மிதித்தால் செடி நலிந்துவிடும் என்பதால் பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். படம் எடுப்பவர்கள் இறங்கத்தான் செய்கிறார்கள்.

பூக்களைவிட எனக்கு மகிழ்ச்சி தருவது வேறொன்று என்றால் சிரிப்பீர்கள்: கொடியில் துணி காயப்போடுவது. ஐந்து மாதம் அறைக்குள் ஹீட்டரின் மேல் காய்ந்து ஈரவாடை பிடித்த சட்டைகள், மார்ச் மாதக் காற்றில் முதன்முறை வெளியே காய்ந்து மடிப்புக்கு வரும்போது அவற்றில் ஒரு மணம் இருக்கிறது. துணி எடுக்கப் போகும் மாலை வேளையில் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியின் உச்சியில் ஒரு பிளாக்பேர்ட் பாடிக்கொண்டிருக்கும். மைனா அளவுள்ள, மஞ்சள் அலகு கொண்ட கறுப்புப் பறவை. அவசரமே இல்லாமல் ஒரு வரி பாடி, யோசித்து, அடுத்த வரியைத் தொடங்கும்.

சித்திரை முதல் நாளன்று பச்சடிக்கு மாங்காய் கிடைக்கவில்லை. அந்த வாரம் கடைகளில் சிவந்த தண்டுகளோடு குவிந்திருந்த ருபார்ப்பை வாங்கி, நஞ்சுள்ள இலைகளை நீக்கிவிட்டு, வெல்லமும் மிளகாயும் சேர்த்து என் மனைவி பச்சடி செய்தார். புளிப்பில் மாங்காயைத் தோற்கடித்தது. வேப்பம்பூவுக்குத்தான் மாற்று அகப்படவில்லை.

இளவேனில் என்று நான் எழுதாததற்கு வருவோம். வேனில் என்றால் வெப்பம். சித்திரை வைகாசியின் இளம் வெப்பத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. இங்கோ அதே சித்திரையில் விடிகாலை பின்பனியாகவும் நண்பகல் இளவேனிலாகவும் மூன்று மணிக்குமேல் கார்காலமாகவும் இருக்கிறது. நேற்று அரை மணி நேரம் ஆலங்கட்டியும் பெய்தது. வெப்பத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் சொல்லை இந்த ஊருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வசந்தம் வடசொல்லாயினும் நம் திரைப்பாடல்களின் புண்ணியத்தில் அதற்கு வெப்பநிலை என்று எதுவும் இல்லாமல் போய்விட்டது. அதனால் எங்கும் பொருந்துகிறது.

எல்லாமே இன்பம் என்று எண்ணிவிடாதீர்கள். பர்ச் மரத்தின் மகரந்தம் ஏப்ரலில் என் கண்களைக் கலங்கடிக்கிறது. இப்பதிலின் பாதியைத் தும்மிக்கொண்டேதான் தட்டச்சு செய்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து வரவேண்டிய ஸ்விஃப்ட் பறவைகள் இன்னும் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. மே முதல் வாரத்துக்குள் கூரை இடுக்குகளுக்கு வந்துவிடும் என்று எதிர்வீட்டுப் பெரியவர் சொல்கிறார், வந்தால் எழுதுகிறேன்.

அன்புடன்.